பயிற்சி ஆசிரியைக்கு நாற்காலியை எங்கே போடுவது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். இந்த ஆண்டு பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரைக் கற்பித்தல் பயிற்சிக்காக என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வழிகாட்டி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பயிற்சிக்குப் போன காலத்தில் என் வழிகாட்டி ஆசிரியர் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அப்படி இருக்கக் கூடாது என்று நான் எல்லா வகுப்புக்கும் கூடவே போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதினேன். மூன்றாம் வாரம், ஆறாம் வகுப்பில் 3/4 + 1/6 கணக்குக்கு ஒருவர் 11/24 என்று விடை எழுதினார். நான் எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கித் திருத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் வெளியே போய் அழுதிருக்கிறார். அன்று முதல் என்னிடம் ‘சரிங்க மேடம்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. இன்னொருவர் நேர் எதிர். இடைவேளையில்கூடப் பிள்ளைகள் அவரைச் சுற்றியே நிற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. இதற்கிடையே எந்த ஆசிரியர் விடுப்பு எடுத்தாலும் இவர்களைத்தான் அந்த வகுப்புக்கு அனுப்புகிறார்கள். பத்தாம் வகுப்பை இவர்களிடம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பொறாமையைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சாக்பீஸை வாங்கியது தவறு. வழிகாட்டி ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன், ஒரு தடவைக்கு மேல்.

அந்த 11/24 எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 3/4-ஐ 9/12 என்றும், 1/6-ஐ 2/12 என்றும் மாற்றி எழுதத் தெரிந்தவருக்குப் பின்னக் கூட்டல் தெரியும். கடைசி வரியில் கீழே இருக்கும் பகுதியையும் (12 + 12) சேர்த்துக் கூட்டிவிட்டார், அவ்வளவுதான். கை கரும்பலகையில் இருந்தது. காது, முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்த பையன்களிடம் இருந்தது. மனமோ கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த உங்களிடம் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் உங்கள் கை தானாக எழுதப் பழகிவிட்டது, அதனால் உங்கள் கண் பிள்ளைகளிடம் இருக்க முடிகிறது. மூன்றாம் வாரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வராது. சைக்கிள் பழகுகிறவர் மணியடிக்கப் போனால் ஹேண்டில் கோணுவது போலத்தான்.

நாளைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அன்றைக்கு நான் எழுந்து வந்திருக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும். அதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று தொடங்கிவிடாதீர்கள்.

அப்படியென்றால் பிழையை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். கூடாது. தவறான விடை பிள்ளைகளின் நோட்டில் ஏறி வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் நான் கறாரானவன். வகுப்புக்குள் போவதற்கு முன்பே இருவருக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ‘மிஸ், கடைசி வரியை இன்னொரு தடவை விளக்குகிறீர்களா?’ என்று மாணவர்களில் ஒருவரைப் போல உட்கார்ந்த இடத்திலிருந்தே கேளுங்கள். என்ன பொருள் என்பது அவருக்குப் புரிந்துவிடும். திரும்பிப் பார்ப்பார், தானே அழிப்பார். சாக்பீஸ் கடைசிவரை அவர் கையிலேயே இருக்கும்.

கைவிட்டுப் போன அந்த வகுப்பை இப்போதும் மீட்கலாம். அடுத்த பாடவேளையை அவர் இப்படித் தொடங்கட்டும்: ‘அன்றைக்கு நான் 11/24 என்று எழுதினேன், நினைவிருக்கிறதா? 24-இல் பாதி 12. அப்படியானால் என் விடை அரையைவிடக் குறைவு. ஆனால் நான் தொடங்கியதே முக்காலில். முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரைக்குக் கீழே போகுமா?’ விடையை எழுதிய பிறகு அது பொருந்துகிறதா என்று நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தை நாம் பத்தாம் வகுப்பு வரைக்கும்கூட ஊட்ட முடியாமல் தவிக்கிறோம். ஒரு பிழை அதை ஆறாம் வகுப்பிலேயே வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. சிரித்த அதே பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மூலத்துக்கு வருகிறேன். வழிகாட்டி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த என் காலத்தில் சில வாரங்கள் பள்ளிக்குப் போய், எண்ணிக்கைக்குப் பாடம் நடத்திவிட்டு வருவோம். நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-இல் ஆசிரியர் கல்வியைப் பற்றி அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வந்தன, பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என மொத்தம் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று ஆனது. நல்ல மாற்றம்தான். ஆனால் வாரங்களைக் கூட்டியவர்கள், அந்த வாரங்களில் பயிற்சி மாணவி யார் பக்கத்தில் நிற்கப் போகிறார் என்பதை அந்த அளவுக்கு யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் பாடம் நடத்துகிறவருக்கு, பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கவும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள். வராது. சமையலில் கைதேர்ந்த அம்மாவிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், ‘ஒரு கைக்கணக்குத்தான்’ என்பார். உங்களிடம் இருப்பதும் அந்தக் கைக்கணக்குத்தான். அதை வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்வதே வழிகாட்டி ஆசிரியரின் வேலை. அடுத்தவர் பாடத்தில் பிழை பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

முதலில் நாற்காலியை மாற்றுங்கள். நம் பள்ளிகளில் ‘போய் வகுப்பைக் கவனியுங்கள்’ என்றால் பயிற்சி மாணவி கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். அங்கிருந்து அவருக்குத் தெரிவது ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் பின்னந்தலையும். ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை பதினைந்து ஆண்டுக்கு மேல் அவர் பார்த்த காட்சி அதேதான். இன்னும் ஒரு வாரம் பார்த்தால் புதிதாக என்ன தெரியப் போகிறது? கூர்நோக்குப் பதிவேட்டில் ‘ஆசிரியர் தெளிவாக விளக்கினார், கரும்பலகையைச் சிறப்பாகப் பயன்படுத்தினார்’ என்று எழுதிக்கொண்டு வருவார். நாற்காலியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக, பிள்ளைகளைப் பார்த்தபடி போடுங்கள். ஆசிரியர் நிற்கும் பக்கத்திலிருந்து ஒரு வகுப்பை அவர் முதல் தடவையாகப் பார்ப்பார். இரண்டு நாளைக்குப் பிள்ளைகள் அவரையே பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

அங்கே உட்கார வைத்தால் மட்டும் போதாது. எதைப் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். ‘இன்றைக்கு முழு வகுப்பையும் பார்க்காதீர்கள். இந்த மூன்று பிள்ளைகளை மட்டும் பாருங்கள்’ என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். நன்றாகப் படிப்பவர் ஒருவர், வாயே திறக்காதவர் ஒருவர், சேட்டைக்காரர் ஒருவர். ‘புரிந்ததா?’ என்று நாம் கேட்டதும் நாற்பது குரல் ‘புரிந்தது மிஸ்’ என்று பாடும். அந்தப் பாட்டை நீங்கள் நம்புவதில்லை. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்குப் புரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது? அவள் பேனா மீச்சிறு பொது மடங்கு எழுதும் வரியில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருப்பவள் எழுதிய பிறகு மறுபடி ஓடியது. அதைப் பார்த்துத்தான் அடுத்த கணக்கைச் சுலபமாகப் போட்டீர்கள். இவ்வளவும் நான்கு வினாடிக்குள் நடந்துவிட்டது. பயிற்சி மாணவிக்கோ நீங்கள் ஏதோ ஒரு கணக்கைப் போட்டதாக மட்டும்தான் தெரியும். பாடம் முடிந்து நடந்து வரும்போது, ‘அந்த இடத்தில் கணக்கை மாற்றினேன், கவனித்தீர்களா? ஏன் தெரியுமா?’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். வராந்தாவில் நடக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாக எந்தப் பதிவேட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து, நீங்கள் செய்த இன்னொன்று. முதல் வாரத்திலேயே அவர்களுக்கு முழுப் பாடவேளையைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. நாற்பது நிமிடத்தை ஒரே நாளில் தூக்க முடியாது. தொடக்கத்தில் பத்து நிமிடம் கொடுங்கள். முந்தைய நாள் வீட்டுக்கணக்கை அவர் பார்க்கட்டும், மீதியை நீங்கள் நடத்துங்கள். அடுத்த வாரம் பயிற்சிக் கணக்குப் பகுதி. அதற்கடுத்த வாரம் புதுக் கருத்தை அவர் அறிமுகப்படுத்தட்டும், நீங்கள் முடித்துவையுங்கள். ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பிரிவு இருந்தால் அதிர்ஷ்டம்: காலையில் ‘அ’ பிரிவில் நீங்கள் நடத்துங்கள், மதியம் அதே பாடத்தை ‘ஆ’ பிரிவில் அவர் நடத்தட்டும். காப்பியடிப்பார் என்று பயப்படாதீர்கள். அடிக்கட்டும். உங்கள் எடுத்துக்காட்டையே சொல்லிப் பார்த்து, அது தன் வாயில் ஏன் எடுபடவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்குத் தன் எடுத்துக்காட்டு பிறக்கும். மூன்றாம் வாரம் தாண்டிவிட்டதே என்று எண்ண வேண்டாம். அழுதவருக்கு மட்டுமாவது திரும்பப் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். தண்டனை என்று நினைத்துவிடாதபடி காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பின்னால் உட்கார்ந்து என்ன எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதுகிறீர்கள் என்று மட்டும் தெரிகிறது. நான் பல ஆண்டுகள் ‘குரல் போதவில்லை, வகுப்புக் கட்டுப்பாடு தேவை, துணைக்கருவி சரியில்லை’ என்று பத்துப் பன்னிரண்டு குறைகளை எழுதிக் கொடுத்தவன். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு விரிவுரையாளராகப் போன பிறகுதான் அது ஒருவருக்கும் உதவவில்லை என்று உறைத்தது. இப்போது யார் கேட்டாலும் நோட்டில் ஒரு கோடு கிழிக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் மணி, வலப்பக்கம் நடந்தது. ‘நன்று’, ‘சரியில்லை’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ‘10.42: 1/6-க்குச் சமமான பின்னம் எது என்று கேட்டார். 10.42: தானே விடை சொன்னார்.’ இப்படி ஏழு இடத்தில் எழுதியிருந்ததைக் காட்டியபோது, ‘நான் பதில் சொல்ல விடவே இல்லையா?’ என்று ஒரு பயிற்சி மாணவர் என்னிடம் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் காத்திருப்பு விஷயம் உங்கள் இருவருக்குமே பயன்படும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடி, அதற்கு மேல் என்று நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, மெல்லக் கற்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசத் தொடங்கினார்கள். 1970-களில் வந்த முடிவு இது. மூன்று வினாடி என்றால் சின்னதாகத் தோன்றும். நாற்பது பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அரை மணி நேரம் போலிருக்கும். புதிதாக வருகிறவர் அந்த மௌனத்துக்குப் பயந்துதான் தானே விடையைச் சொல்லிவிடுகிறார். கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணச் சொல்லுங்கள். ஒரு வாரம் முழுக்க அது ஒன்றை மட்டும் பழகட்டும். குரலையும் கரும்பலகையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாடம் முடிந்த பின் பேசுவதற்கு மதிய உணவு நேரத்தில் கால் மணி ஒதுக்குங்கள். ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழப் பேசாதீர்கள், வேப்பமரத்தடி நல்லது. ‘எப்படி இருந்தது?’ என்று தொடங்கினால் ‘பரவாயில்லை மேடம்’ என்பதோடு நின்றுவிடும். ‘கடைசிக் கணக்கை அந்தப் பையன் எப்படிப் போட்டான்?’ என்று ஒரு குழந்தையைப் பிடித்துத் தொடங்குங்கள். தன்னைப் பற்றிப் பேசக் கூசுகிறவர் பையனைப் பற்றிப் பேசுவார், அதற்குள்ளேயே அவருடைய பாடமும் வந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அவர்களுடைய மதிப்பெண்ணில் உங்கள் கையெழுத்துக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் அந்த ‘சரிங்க மேடம்’. மதிப்பெண்ணை எதைப் பார்த்துப் போடப் போகிறீர்கள் என்று இப்போதே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். பிழை செய்ததற்காகக் குறைக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாடத்திட்டப் பதிவேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி, படம் ஒட்டி, இரவு பன்னிரண்டு மணி வரை விழித்து எழுதுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் கல்விச் சிந்தனையாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பாடம் நடத்த வகுத்த படிநிலைகளைத்தான் இன்னும் நாம் கட்டம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி கேட்கிறது, எழுதட்டும், அதில் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுக்கென்று அரைத் தாளில் மூன்று வரி கேளுங்கள்: நாளைக்குக் கேட்கப்போகும் முக்கியமான கேள்வி எது, பிள்ளைகள் அதற்கு என்ன தப்பு விடை சொல்லக்கூடும், அப்படிச் சொன்னால் என்ன செய்வேன். 1/2 + 1/3 = 2/5 என்று சொல்லப்போகும் பிள்ளையை முதல் நாள் இரவே மனத்தில் பார்த்துவிட்டவர், மறுநாள் காலையில் திகைக்க மாட்டார்.

விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு அனுப்புகிற விவகாரம். இங்கே ஒரு பழைய கதை. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை உண்டு. மூத்த பிள்ளை இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அங்கே அது பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம் செலவு குறைவு: ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். உங்கள் பள்ளியிலும் இப்போது நடப்பது கிட்டத்தட்ட அதுதான். சம்பளமில்லாத இரண்டு சட்டாம்பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. காலிப் பணியிடங்களோடு பள்ளி நடத்துகிறவருக்கு வேறு கை எங்கிருந்து வரும்? ஆனால் பழக்கமில்லாத வகுப்பில், நடத்தப் பாடமில்லாமல், ‘சத்தம் போடாதே’ என்று கத்திக்கொண்டு நின்றால் ஒருவர் கற்றுக்கொள்வது கத்துவதை மட்டும்தான். அது ஒட்டிக்கொண்டால் ஓய்வு பெறும் வரை போகாது.

முறையிடப் போகாதீர்கள். கையில் ஒரு கால அட்டவணையோடு போங்கள். இருவருக்கும் கிழமை வாரியாக எந்தப் பாடவேளையில் நடத்துகிறார்கள், எதில் பார்க்கிறார்கள், எதில் என்னோடு பேசுகிறார்கள் என்று எழுதி, மீதமிருக்கும் இடங்களையும் காட்டுங்கள். ‘அவசரத்துக்கு இந்த நேரங்களில் அனுப்பலாம் சார், நான் நடத்துகிற ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டும்’ என்று சொல்லுங்கள். முழுவதும் மறுத்தால் நடக்காது. எழுதிக் கொடுத்த தாளுக்கு நம் அலுவலகங்களில் ஒரு மரியாதை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் காலை வழிபாட்டுக்கும் அவர்களைத் தாராளமாக அழைத்துப் போங்கள், அதுவும் பயிற்சிதான். பரீட்சைத் தாளுக்கு நூல் கோப்பது பயிற்சி இல்லை.

பத்தாம் வகுப்பைக் கொடுக்கப் பயப்படுவது நியாயம். முழு வகுப்பைக் கொடுக்க வேண்டாம். மாலைச் சிறப்பு வகுப்பில் தேர்ச்சி பெறுவாரா என்று நீங்கள் கவலைப்படும் நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களை இவர்களிடம் கொடுங்கள். ஒரு பயிற்சி மாணவிக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு பெண் ஏன் கழித்தலில் தவறுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தவர், நாற்பது பேர் வகுப்பில் அப்படிப்பட்ட ஐந்து பேரை அடையாளம் கண்டுகொள்வார். பள்ளிக்கும் லாபம், தலைமை ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

கடைசியாக, பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் அந்த இன்னொருவர். பொறாமை வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் புதியவர், வயதில் அவர்களுக்கு அக்கா போல இருக்கிறார், பாடப்பகுதியை முடிக்க வேண்டிய கவலை அவருக்கு இல்லை. ஆனால் காரணம் இவ்வளவுதான் என்று சொல்லி அவரைத் தள்ளிவிடாதீர்கள். அழுதவருக்குத்தான் உதவி தேவை, இவருக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. கலகலப்பான வகுப்பில் யார் கற்கிறார்கள், யார் சிரிப்பதோடு நிற்கிறார்கள் என்பது நடத்துகிறவருக்கே தெரியாமல் போகும். அதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், பதினோரு ஆண்டுகளில் உங்களிடம் வராத ஏதோ ஒரு பையன் அவரிடம் வந்து சந்தேகம் கேட்கிறான் என்றால், அவர் என்ன செய்தார் என்று உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

அடுத்த வாரம் ஒரு நாள் அவருடைய வகுப்புக்குப் போங்கள். அழுதவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு பாருங்கள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.